நிமிர்த்தி வைத்த கிண்ணம்

ஒரு விடுகதை போடுகிறேன். அவசரப்படாமல் யோசித்துச் சொல்லுங்கள். உள்ளே போகும்போது வெளுத்த கோடு, வெளியே வரும்போது கறுத்த கோடு. பொய் சொல்லத் தெரியாது, முழு உண்மையும் சொல்லாது. அதன் பேச்சை நம்பித்தான் பெரிய டாக்டர் கத்தியைக் கையில் எடுப்பார். அது என்ன? தெரியவில்லையா? வெட்கப்பட ஒன்றுமில்லை. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஆபரேஷன் கத்தி, கத்தரி, கிண்ணம், துணி எல்லாவற்றையும் கழுவி, கட்டி, நீராவியில் வைத்துக் கிருமி போக்குகிற அறையில், மகள் கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து வேலை பார்க்கிற உலகம்மாளுக்கே இன்று காலை வரை பாதி விடைதான் தெரிந்திருந்தது. கட்டுகளின் மேல் ஒட்டுகிற டேப் அது. நீராவியின் சூடு பட்டதும் அதன் கோடுகள் கறுத்துவிடும். கறுத்துவிட்டால் கட்டு சுத்தம், மேலே தியேட்டருக்கு அனுப்பிவிடலாம். இதுதான் உலகம்மாள் அறிந்த விடை. மீதிப் பாதியை இன்று காலை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெனிட்டா சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள், அக்கா என்று கூப்பிட்டுத்தான் சொன்னாள், சொன்னதில் தப்பும் இல்லை. அதனால்தான் உலகம்மாளுக்கு இவ்வளவு ஆத்திரம்.

ஆட்டோகிளேவுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆள் உயரத்துக்கு நிற்கிற எஃகுப் பெட்டி அது, கதவை ஒருமுறை பூட்டிவிட்டால் வேலை முடியும்வரை யார் சொன்னாலும் திறக்காது, ஆஸ்பத்திரி முதலாளியே வந்து கெஞ்சினாலும் திறக்காது, அந்த ஒரு குணத்துக்காகவே அவளுக்கு அதைப் பிடிக்கும். இன்று அதையும் பிடிக்கவில்லை. உள்ளே வேகிறது அவள் நேற்றுக் கட்டிய கட்டுகள், நேற்றே ஒருமுறை வெந்த கட்டுகள், அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்ததை பெனிட்டா காலையில் வந்து ஒன்றைப் பிரித்து, உள்ளே விரலை விட்டு, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அக்கா, ஈரம்" என்றாள். ஈரம்தான். அதற்கு என்ன இப்போது? நீராவியில் போட்டால் ஈரம் இருக்காதா? "டேப்பைப் பாரு, நல்லாக் கறுத்திருக்குல்லா" என்று உலகம்மாள் சொன்னாள். "டேப்பு கறுத்தா சூடு பட்டுச்சுன்னு மட்டும்தான்க்கா அர்த்தம். உள்ள ஈரம் நின்னுச்சுன்னா வெளிய இருக்க கிருமி அந்த ஈரத்தைப் பிடிச்சிக்கிட்டே உள்ள போயிரும். ஈரமான கட்டு அழுக்குக் கட்டுதான். இந்த லோடு பூராவும் திரும்பக் கழுவிப் போடணும்." பூராவும். அந்த ஒரு வார்த்தையை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், சோறு குழைந்துவிட்டது வேறு உலை வைக்கலாம் என்பதுபோல. உலகம்மாளுக்குக் காதுமடல் சூடேறியது. நேற்று முளைத்த இந்தப் பிள்ளைக்கு வயது என்ன இருக்கும், மகள் இந்துஜாவைவிட நாலைந்து வயது கூட இருக்கும், கல்யாணம்கூட ஆகவில்லை, சான்றிதழ் இருக்கிறது, அது இருந்தால் விரலை விட்டுப் பார்க்கலாம். சரி, அதற்கு மேலாவது வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. கட்டுக்குள் இருந்த எஃகுக் கிண்ணத்தை எடுத்துக் காட்டினாள். அடியில் ஒரு கரண்டித் தண்ணீர் தேங்கி நின்றது. "கிண்ணத்தை நிமிர்த்தி வச்சிருக்கியளேக்கா. சாய்ச்சோ கவுத்தோ வச்சாத்தான் தண்ணி வடியும்."

கவிழ்த்து வைத்தால் தண்ணீர் வடியும். இதைச் சொல்ல ஒரு சான்றிதழ். உலகம்மாள் வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் தட்டு, செம்பு, குழம்புச் சட்டி எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துத்தான் வைக்கிறாள், இந்துஜா என்றைக்காவது ஒரு டம்ளரை நிமிர்த்தி வைத்துவிட்டால் "ஏட்டி, புத்தி எங்க இருக்கு, கொசு முட்டை போடவா வச்சிருக்க" என்று கத்துகிறாள், அதே கைதான் இங்கே வந்து கிண்ணத்தை நிமிர்த்தி வைக்கிறது, வருஷக்கணக்காக வைக்கிறது, ஒருநாளாவது அந்தக் கை சந்தேகப்பட்டு நின்றதா? நிற்கவில்லை. ஏனென்றால் முதல் நாள் அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரிய சிஸ்டர் கிண்ணத்தை நிமிர்த்தி, அதற்குள் பஞ்சையும் துணியையும் வைத்து, "இப்படி வச்சாத்தான் மேல பிரிக்கிறவங்களுக்கு எடுக்க வசதி" என்றார். வசதி. அந்த சிஸ்டர் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போய்விட்டார், வசதி மட்டும் இங்கேயே நின்றுவிட்டது. அப்புறம் தியேட்டரிலிருந்து எப்போதாவது போன் வரும், "என்ன உலகம்மா, கட்டு கொஞ்சம் ஈரமா இருக்கே" என்று கேட்பார்கள், இவள் "நீராவிதானே சிஸ்டர், காத்து பட்டாக் காஞ்சிரும்" என்பாள், அவர்களும் "ம்" என்று வைத்துவிடுவார்கள். வைத்துவிடுவார்கள்! நர்சிங் படித்தவர்கள், வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள், ஒருத்தராவது கீழே இறங்கி வந்து இந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்று, ஏன் ஈரம் என்று கேட்டார்களா? அடித்தளம் என்றால் யாருக்கும் கால் வராது. சோற்றுக்கு வந்தவள் என்ன சொன்னாலும் சரி. அவள் சொன்ன பதில் அவர்களுக்குப் போதுமாக இருந்தது, ஏனென்றால் அந்த பதில் கிடைத்தால் அடுத்த கேஸை ஆரம்பிக்கலாம். இப்போது மட்டும் தகுதி கேட்கிறார்கள்.

தகுதி. லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள், கண்ணாடிக்குப் பின்னால், பெரிய எழுத்தில். தரச்சான்று கொடுக்கிற குழு வரப்போகிறதாம், அதற்குள் எல்லா இடத்திலும் தகுதியானவர்கள் இருக்க வேண்டுமாம். கிருமி நீக்கும் பணியாளருக்கு வேண்டிய தகுதிகள்: பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல், அதற்கு மேல் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு, ஆங்கிலத்தில் எழுதப் படிக்கத் தெரிதல், இயந்திரம் இயக்கிய அனுபவம், மஞ்சள்காமாலைத் தடுப்பூசி, உடல் வலு, பொறுமை. பொறுமையாம். அதை எழுதியவன் யார்? அவனை இந்த ஸ்டூலில் உட்காரவைத்து, கொதிக்கிற இரும்புக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத அறையில், தீபாவளி அன்றைக்குக்கூட மேலே இருந்து "செட்டு எங்கே, செட்டு எங்கே" என்று கத்துகிற போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு நாள் இருக்கச் சொல்ல வேண்டும். பொறுமை இருக்கிறது, வலு இருக்கிறது, ஊசி போட்டாயிற்று, இயந்திரம் அவள் கைக்குத்தான் பழக்கம். இல்லாதது பன்னிரண்டாம் வகுப்பு. பத்தாம் வகுப்பே இல்லை. கணக்கில் போய்விட்டது. மறுபடி எழுதலாம் என்று டீச்சர் வீடு தேடி வந்து சொன்னார், அப்பா வாசலிலேயே நிற்கவைத்து "எழுதுவா, எழுதுவா" என்று சொல்லி அனுப்பினார், அந்த ஆவணியில் கல்யாணம். அது இருக்கட்டும். அதற்காக யாரும் அழவில்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே கேட்டார்களே, என்ன படிச்சிருக்க என்று, பத்து பெயில் என்று சொன்னாளே, "பரவாயில்ல, இங்க கைதான் வேணும்" என்று சிரித்தார்களே. அன்றைக்குக் கை போதும், இன்றைக்குப் போதாது. கைக்குத் தெரியாததைச் சொல்லித்தர யாருக்கும் ஒரு மத்தியானம்கூட இல்லை, கையை எடுத்துவிட மட்டும் நேரம் இருக்கிறது.

அந்த எச்.ஆர். தம்பி, பிரபாகர், மெட்ராஸ்காரன், பேச்சில் வெண்ணெய் தடவியிருக்கும். போன வாரம் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னான். நாற்காலி போட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, நல்ல செய்தி என்றால் நிற்கவைத்துத்தான் சொல்வார்கள். "உங்களுக்கு அனுபவம் இருக்கும்மா, இல்லேங்கல. தகுதின்னு ஒண்ணு கேக்கறாங்களே, நான் என்ன பண்ணட்டும்?" பிறகு முகத்தைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டான். "உங்க பொண்ணு ப்ளஸ் டூ சயின்ஸ்தானே? நல்ல மார்க்காமே? இந்த வருஷம் நம்ம ஆஸ்பத்திரியே அந்தக் கோர்ஸ் ஆரம்பிக்குது. ஸ்டாஃப் பசங்களுக்கு ஃபீஸ் கிடையாது. அவங்க சேர்ந்துட்டா ஒரு வருஷத்துல இந்த போஸ்ட் அவங்களுக்கு. அதுவரைக்கும், அதுக்கப்புறமும், நீங்க லாண்டரில இருந்துக்கலாம். வேலை உங்க வீட்டை விட்டுப் போகாதும்மா." சேராவிட்டால்? அதை அவன் வாயால் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துவிட்டு, "இந்த மாசத்தோட உங்க கான்ட்ராக்ட் முடியுதுல்ல" என்றான். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும். இன்றைக்கேதான் இந்துஜாவுக்குக் காலேஜில் கடைசி நாள், பி.எஸ்சி. கணிதம், இடம் கிடைத்திருக்கிறது, மூன்று மணிக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். கணிதம்! அம்மா எதில் விழுந்தாளோ அதையே பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறது பிள்ளை. அது தூங்கும்போதுகூட விரலால் பாயில் எண் எழுதும். அதைக் கொண்டுவந்து இந்த ஜன்னல் இல்லாத அறையில் போடவா? அம்மா கழற்றிப்போட்ட செருப்பில் மகள் காலை விடவா? மாட்டேன் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். என்ன செய்தாள்? "கேட்டுச் சொல்லுதேன் சார்" என்றாள். கேட்டுச் சொல்லுதேன். அந்தச் சொல்லை வாயிலிருந்து எடுத்து நெருப்பில் போட்டால் தேவலை. அவளுக்குப் பயம். இந்துஜாவின் அப்பா எரணாகுளத்தில் ஓட்டல் அடுப்படியில் நிற்கிறார், நெஞ்சு வலிக்கிறது என்கிறார், வந்துவிடட்டுமா என்று ஒவ்வொரு போனிலும் கேட்கிறார். இந்த வேலையும் போனால் அவரை வாங்க என்று எப்படிச் சொல்வது? அதனால் அவள் மனசின் ஒரு மூலை, வெட்கம் கெட்ட ஒரு மூலை, பிள்ளை தானாகவே "நான் கோர்ஸ்ல சேந்துக்கிடுதேன்மா" என்று சொல்லிவிடாதா என்று காத்திருக்கிறது. ஒரு வாரமாகக் காத்திருக்கிறது. சோறு போடும்போது முகத்தைப் பார்க்கிறது. தலை பின்னும்போது காதைத் தீட்டிக்கொள்கிறது. அந்த மூலையை என்ன செய்வது, அதை எந்த இயந்திரத்தில் போட்டு வேகவைப்பது?

இயந்திரத்துக்குள் நீராவி ஏறும் சத்தம் கேட்டது. முதலில் உஸ் என்று, பிறகு ஒரு கனத்த மௌனம். இந்த மௌனத்தில்தான் சூடு பிடிக்கும். உலகம்மாளுக்கு இந்த நேரத்தில் எப்போதும் ஒரு திருப்தி வரும், தன் கையால் ஊருக்கே நல்லது நடப்பதுபோல, வெட்கமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்துக்கொள்வாள், யாரோ ஒருத்தி மேலே பிள்ளை பெறுகிறாள், நான் கீழே அவளுக்கு வெந்நீர் போடுகிறேன் என்று. இன்றைக்கு அந்த இடத்தில் செண்பகம் வந்து நின்றாள். காலையிலிருந்தே மனசின் வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தாள், உலகம்மாள் உள்ளே விடவில்லை. செண்பகம் அவளுடைய நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. முதல் பிரசவத்துக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதாகத்தான் இருந்தது. "நான் வேலை பாக்க எடம், நம்மளை நல்லாப் பாத்துக்கிடுவாவ, இங்க வா" என்று இழுத்துக்கொண்டு வந்தது இந்த உலகம்மாள்தான். பெருமைக்கு. மதினி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி என்று ஊரில் சொல்லிக்கொள்ள. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள், பையன், நல்ல கனம். தையல் பிரித்த பிறகு புண் ஆறவில்லை. ஒரு ஓரத்தில் சிவந்து, வீங்கி, பிறகு சீழ் வைத்தது. மறுபடி பிரித்துக் கழுவினார்கள். செண்பகத்தால் பிள்ளையைத் தூக்க முடியாது, பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு அதன் காலை மட்டும் தடவிக்கொண்டிருப்பாள். உலகம்மாள்தான் தினமும் வேலை முடிந்து போய்ப் புண்ணைத் துடைத்தாள், நாற்றம் தெரியாமல் இருக்க வேப்பிலை கொளுத்தினாள், சின்னப் பிள்ளையாக இருந்த இந்துஜா அட்டையால் அத்தைக்கு விசிறிக்கொண்டு நின்றாள். அப்போது செண்பகம் கேட்டாள், "எனக்கு மட்டும் ஏன் மதினி இப்படி?" உலகம்மாள் என்ன சொன்னாள்? "வாயைக் கட்டலேல்லா நீ. கருவாடு தின்னே. அதான் சீழ் வைக்குது." கருவாடு. ஒரே ஒரு நாள், மாமியாருக்குத் தெரியாமல், ஆசைப்பட்டு ஒரு துண்டு தின்றாள். அதை உலகம்மாள் பார்த்துவிட்டாள். பார்த்ததை வைத்துச் செண்பகத்தை அழவைத்தாள். அவள் மாமியாரிடமும் சொன்னாள். மாமியார் ஊரெல்லாம் சொன்னாள். இன்றைக்குவரை விசேஷ வீட்டில் யாராவது கருவாட்டுப் பேச்சை எடுத்தால் செண்பகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறாள். அந்தக் கட்டு யார் கட்டியது? அன்றைக்கு அந்தக் கிண்ணம் எப்படி இருந்தது? நிமிர்ந்துதான் இருந்திருக்கும். எல்லாக் கிண்ணமும் நிமிர்ந்துதான் இருந்தது. ஆனால் அதனால்தான் என்று யாரால் சொல்ல முடியும்? வேறு எதனாலும் இருக்கலாம், ரத்தம் குறைவு என்றார்கள், சர்க்கரை கொஞ்சம் இருக்கிறது என்றார்கள். அதனால் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? யாராலும் முடியாது. இனி ஒருநாளும் முடியாது. அதுதான், அந்தத் தெரியாமைதான் தொண்டையில் முள்ளாக நின்றது, விழுங்கினாலும் போகவில்லை, கக்கினாலும் வரவில்லை. செண்பகம் ஒருத்தியா? செண்பகத்தை அவளுக்குத் தெரியும், அதனால் செண்பகம் வந்து நிற்கிறாள். பெயர் தெரியாதவர்கள் எங்கே போய் நிற்பார்கள்? அவர்களுடைய வீட்டில் யார் எந்தக் கருவாட்டைச் சொன்னார்கள்?

பெனிட்டா துணி மடிக்கும் மேஜையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா, சாப்பிடலியா? நான் வேணா பாத்துக்கிடுதேன், போயிட்டு வாங்க." உலகம்மாள், "எனக்குப் பசிக்கலை. நீ போய்த் தின்னுட்டு வா. சான்றிதழுக்கும் பசிக்கும்லா" என்றாள். பெனிட்டாவின் முகம் சுருங்கிவிட்டது. "நான் உங்களைக் குத்தம் சொல்லலியேக்கா. உங்களுக்கு யாரும் சொல்லித்தரலேன்னுதான் சொன்னேன்." "சொல்லித்தரலேன்னு உனக்குத் தெரியுதுல்லா? அதை மேல போய்ச் சொல்லு. அந்த மெட்ராஸ்காரன்ட்ட சொல்லு. குழு வரும்போது அவங்ககிட்ட சொல்லு. என்கிட்ட ஏன் சொல்லுத? எனக்குத்தான் இப்பத் தெரிஞ்சுபோச்சே!" குரல் எஃகுச் சுவர்களில் மோதித் திரும்பி வந்தது. பெனிட்டா மடித்த துணியை மேஜையில் வைத்தாள். பிறகு, "முடிஞ்சதும் கதவை லேசாத் திறந்து அப்படியே வைங்கக்கா. சூட்டோட எடுத்து இந்த மேஜையில வச்சிராதிய. மேஜை குளுந்து கிடக்கு, அடியில வேர்த்துரும்" என்று சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு படியேறிப் போனாள். இதுவும் ஒன்று. இவ்வளவு நாளும் மணி அடித்த கையோடு கதவைத் திறந்து, சூடு பறக்கப் பறக்கக் கட்டுகளை மேஜையில் அடுக்குவதுதான் உலகம்மாளின் திறமை. அவளைப்போல வேகமாக எடுக்க யாராலும் முடியாது என்று பேர். தியேட்டரில் அவசரம் என்றால் உலகம்மா இருக்காளா என்றுதான் கேட்பார்கள். அந்தப் பேரும் போயிற்று. பார்த்துக்கொண்டே இருந்தால் இந்தப் பிள்ளை அவள் மூச்சு விடுவதிலும் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிடும், அதுவும் நிஜமான தப்பாக இருக்கும். நிஜமாக இல்லாவிட்டால் சண்டை போடலாம். நிஜத்தோடு என்ன சண்டை போடுவது?

மணி அடித்தது. உலகம்மாளின் கை, அவளைக் கேட்காமலேயே, கதவின் பிடியைத் திருகி, முழுசாக இழுத்துத் திறக்கப் போயிற்று. பாதியில் நிறுத்தினாள். ஒரு விரற்கடை திறந்து அப்படியே விட்டாள். வெள்ளை ஆவி அந்த இடுக்கு வழியாக வந்து அவள் முகத்தை நனைத்தது. சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. கையை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையைச் சுருட்டிக்கொண்டாள். கட்டுகள் கொடுக்கிற சின்ன ஜன்னலின் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். இந்துஜா. தோளில் பை, நெற்றியில் வேர்வை, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். "அம்மா, மணி ரெண்டாவப் போவுது. காலேஜுக்குப் போவணும்னா இப்பவே போவணும். மேல போவணும்னாலும் இப்பவே சொல்லு. அந்த சார் மாடியில உக்காந்திருக்காரு, என்னைப் பாத்துச் சிரிச்சாரு." "என்ன சிரிப்பு அவனுக்கு?" "சும்மா சிரிச்சாரும்மா. எல்லாத்துக்கும் சண்டைக்கு நிக்காத. நீ சொல்லு, நான் என்ன செய்ய?" உலகம்மாள் அவளைப் பார்த்தாள். வெட்கம் கெட்ட அந்த மூலை எழுந்து உட்கார்ந்து காதைத் தீட்டியது. உலகம்மாள் அதன்மேல் விழுந்து அமுக்குவதுபோலக் கத்தினாள், "என்கிட்ட ஏன் கேக்க? நான் படிச்சவளா? ஏட்டி, காலேஜுக்குப் போ! இந்தக் குழிக்குள்ள உனக்கு என்ன சோலி? நான் எங்கயாவது பாத்திரம் தேய்ச்சுக்கிடுதேன்." "பாத்திரம் தேய்க்கப் போறியா? அப்ப அப்பா?" "அப்பா எனக்குப் புருஷன், உனக்கு என்ன கவலை?" இந்துஜாவுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு அப்பாதானேம்மா." உலகம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்தால் அழுதுவிடுவாள். அழுதால் பிள்ளை மாடிக்குப் போய்விடும். அது தெரிந்ததும் அவளுக்கு அழவேண்டும்போல இருந்தது, தெரிந்தே அழவேண்டும்போல. ஒரு சொட்டுப் போதும், காரியம் முடிந்துவிடும். அந்த நினைப்பின் அருவருப்பில்தான், இதை யாரிடமும் சொல்வதில்லை என்று காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை, ஜன்னல் வழியாகவே, ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். ஈரமான கட்டு. நிமிர்ந்த கிண்ணம். வருஷக்கணக்காக. செண்பகம் அத்தை வயிறு. "அதனாலதான்னு சொல்ல முடியாது. அதனால இல்லேன்னும் சொல்ல முடியாது. நான் கருவாடுன்னு சொன்னேன்."

இந்துஜா ஜன்னல் விளிம்பில் இருந்த விரலை எடுத்துக்கொண்டாள். "நான் விசிறுனேன்" என்றாள். பிறகு, "அந்த நாத்தம் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். இடுக்கில் ஆவி மெலிந்துகொண்டே வந்தது. "அத்தைக்குத் தெரியுமா?" "எனக்கே இன்னைக்குத்தான்டி தெரியும்." "அத்தைக்கிட்டச் சொல்லுவியா?" உலகம்மாளுக்கு மறுபடி சுர்ரென்று ஏறியது. யாரிடம் சொல்ல? சொன்னால் செண்பகத்தின் வீட்டுக்காரன் அரிவாளை எடுத்துக்கொண்டு இங்கேயா வருவான், பெரிய சிஸ்டரைத் தேடிக் கோயம்புத்தூருக்கா போவான், மாடியில் சிரிக்கிறவனிடமா போவான்? உலகம்மாளின் வாசலுக்குத்தான் வருவான். எல்லோரும் எங்கேயோ இருக்கிறார்கள், அவள் மட்டும் பார்க்கிற இடத்தில் இருக்கிறாள். ஆனால் கருவாடு என்று சொன்ன வாய் இவளுடையதுதானே. அதை யாரும் இவளுக்குச் சொல்லித்தரவில்லை, எந்த சிஸ்டரும் முதல் நாளில் செய்துகாட்டவில்லை, அது இவள் தானாகச் செய்தது. "சொல்லுவேன்" என்றாள், சண்டைக்கு நிற்கும் குரலில். "கருவாடு இல்லேன்னாவது சொல்லுவேன். இந்த ஞாயித்துக்கிழம போய்ச் சொல்லுவேன். அடிச்சா அடிக்கட்டும். நீ என்னத்துக்கு என்னை விசாரிக்க? உன் சோலியைப் பாரு. மணி ஆவுது. எங்க போறியோ போ." கோர்ஸைப் பற்றி அவள் அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க, கதவின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரும்பு இன்னும் சுட்டது.

இந்துஜா பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள். மாடிக்குப் போகிற படியைக் கடந்து, வெளி வாசல் வழியாகப் போய், வந்த பஸ்ஸில் ஏறினாள். மூன்று மணிக்கு முன்னால் காலேஜில் கையெழுத்துப் போட்டுக் கணிதத்தில் சேர்ந்தாள்.